மாலுக்குப் பின்னால் கூடுகிறவர்கள்: வேலி போடலாமா?

கேள்வி: ஒரு ஷாப்பிங் மாலில் பராமரிப்பு மேலாளராக இருக்கிறேன். கட்டடத்தின் பின்புறம், பார்க்கிங் ரேம்புக்கும் மதிலுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு இடம் சும்மா கிடக்கிறது. மதியத்தில் டெலிவரி ஊழியர்கள் அங்கே வந்து படுக்கிறார்கள். சாயங்காலம் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் இளைஞர்கள் பாட்டுப் போட்டு நடனம் பழகுகிறார்கள். சனி, ஞாயிறில் ஸ்கேட்போர்டு பசங்க வந்துவிடுகிறார்கள். இவர்கள் போக, யாரென்றே தெரியாத சில வெளியாட்களும் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். மொத்தமாகக் கம்பி வேலி போட்டுவிடலாம் என்கிறது நிர்வாகம். இது சரியான முடிவா?

பதில்: பாதி இடத்துக்குச் சரி. சரக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கும் பகுதிக்கு இந்த வாரமே தடுப்புப் போடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மீதி இடத்துக்கு மட்டும் இரண்டு வாரம் பொறுங்கள். அந்த இரண்டு வாரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால், அந்த இடம் எப்படி மிஞ்சியது என்று தெரிந்துகொள்வது நல்லது. மால் என்பது உள்பக்கம் முகம் வைத்துக் கட்டிய கட்டடம். முழுக்க மூடி, குளிரூட்டிக் கட்டிய முதல் மால் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் எடைனா ஊரில் 1956-இல் திறந்த சவுத்டேல். அதை வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர். மாலைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா என்று ஒரு சின்ன ஊரே வரும் என்று கனவு கண்டார். வந்தது பெரும்பாலும் கார் நிறுத்துமிடம்தான். கடைசிக் காலத்தில் அவரே தன் பிள்ளை என்று மால்களை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார்.

பார்க்கிங் கணக்கு இன்னொரு காரணம். அமெரிக்க மால்களில் வெகுகாலம் பின்பற்றிய வழக்கப்படி, ஆண்டிலேயே நெரிசல் மிகுந்த மணி நேரங்களை வரிசைப்படுத்தி, அதில் 20-ஆவது மணி நேரத்துக்குத் தேவையான அளவு இடம் ஒதுக்குவார்கள். அப்படியென்றால் ஆண்டில் ஏறக்குறைய எல்லா நேரமும் ஏதோ ஒரு மூலை காலியாகத்தான் இருக்கும். இதோடு ரேம்பின் அடிப்பகுதி, ஜெனரேட்டர் அறைக்கு அந்தப்பக்கம், மதிலை ஒட்டி விட்ட இடைவெளி எல்லாம் சேர்ந்துகொள்ளும். வரைபடத்தில் இவற்றுக்குப் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். பெயர் எழுதாத இடத்துக்கு ஆட்கள் தாங்களே ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது பார்க்கும் வேலை. வாரநாள் இரண்டு, வாரஇறுதி நாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தின் வரைபடத்தைப் பத்துப் பதினைந்து நகல் போட்டு, மணிக்கொரு தடவை ஒரு தாளோடு சுற்றி வந்து, ஆள் இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குறி, நிற்பவருக்கு இன்னொன்று, படுத்திருப்பவருக்கு வேறொன்று. பெயர் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். சிசிடிவியைப் பார்த்தே செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது, எங்கே நாற்றம் என்பதெல்லாம் திரையில் தெரியாது.

ஆள் இல்லாத நேரத்தில் தடயங்களைப் பாருங்கள். எந்தத் திண்டின் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது? கறுப்பாக மெழுகுக் கோடு ஓடியிருந்தால் அது ஸ்கேட்போர்டு வழுக்க வேண்டுமென்று தேய்த்தது. மடித்து வைத்த அட்டைப்பெட்டி யாரோ ஒருவருடைய படுக்கை. புல்லில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால், நீங்கள் வைத்த நடைபாதை தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் உங்கள் இரவு செக்யூரிட்டி ஏற்கெனவே அறிவார். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி நீங்கள் வெளியாட்கள் என்று எழுதியிருப்பவர்கள். அவர்களுடைய காலைப் பாருங்கள். நான் ஒரு மாலின் பின்புறத்தில் மூன்று மதியங்கள் உட்கார்ந்திருந்தேன். தலைகீழாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சிமெண்டுத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சீருடைக்கு மேலே ஒரு ஜாக்கெட், கழுத்தில் அடையாள அட்டை திருப்பிப் போட்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்து எழுந்து, முதல் மாடியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். அந்த மூன்று நாளில் நான் எண்ணிய ஆட்களில் பாதிக்கு மேல் அந்த மாலிலேயே வேலை செய்பவர்கள். கடைக்குள் உட்காரக் கூடாது, வாடிக்கையாளர் இருக்கையில் உட்கார்ந்தால் மேலாளர் முறைப்பார், ஊழியர் அறை கிடையாது. அப்புறம் எங்கேதான் போவார்கள்? புகார் கொடுத்த கடையின் ஆட்களும் அதில் இருந்தார்கள் என்பதை நிர்வாகத்திடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதே மாலில் இன்னொன்றும் நடந்திருந்தது. டெலிவரி ஊழியர்கள் வழக்கமாக உட்காரும் திண்டில் கூரான இரும்புக் குமிழ் பதித்துவிட்டார்கள். அவர்கள் போய்விடவில்லை. நாற்பதடி தள்ளி, தீ அவசர வழிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். வண்டி கண் பார்வையில் இருக்க வேண்டும், உணவுக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தால் இரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும், தலைக்கு மேல் நிழல் வேண்டும். இந்த மூன்றும் கிடைக்கும் இடம் எதுவோ அங்கேதான் இருப்பார்கள். அவர்களைத் துரத்தப்போய், அடைக்கவே கூடாத வழியை நிர்வாகமே அடைத்துக்கொண்டது.

ஆகவே எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதில் நான் கறாராக இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். தீயணைப்பு வண்டி வரும் பாதை, வெளிப்பக்கம் திறக்கும் அவசரக் கதவுகள், லாரி ரிவர்ஸ் எடுக்கும் பகுதி, அடித்தள பார்க்கிங்கின் புகை வெளியேறும் வாய், மின்மாற்றி. இவற்றில் பேரமே கிடையாது. புகைவாயை மறக்காதீர்கள்: குளிர்காலத்தில் அங்கே வெதுவெதுப்பாக இருக்கும், அதற்காகவே ஆட்கள் அண்டுவார்கள், வருவதோ கார்பன் மோனாக்சைடு கலந்த காற்று. மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய எரிச்சல்.

வேலியில் இன்னொரு சங்கடம், அது மறைவை உண்டாக்கும். நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் இதற்கு நல்ல சாட்சி. 1970-களில் அங்கே போதைப்பொருள் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. நகரச் சதுக்கங்களில் கேமரா வைத்து மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தவர் வில்லியம் வைட். அவரிடம் யோசனை கேட்டார்கள். தெருவிலிருந்து உள்ளே தெரியாதபடி மறைத்த வேலியையும் புதர்வேலியையும் எடுங்கள், வழிகளைத் திறந்துவிடுங்கள் என்றார். 1992-இல் பூங்கா மறுபடி திறந்தபோது, இஷ்டப்படி நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவை இன்றும் இருக்கின்றன. நல்ல கூட்டம் இருக்கும் இடத்தில் கெட்ட காரியம் செய்வது கஷ்டம்.

அதே வைட் கொடுத்த அளவு ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு அடியிலிருந்து மூன்று அடி உயரம் வரை உள்ள எந்த விளிம்பிலும் ஆள் உட்காருவார். நீங்கள் புதுத் திண்டு கட்டுவதானால் ஒன்றரை அடி உயரம் வையுங்கள். அகலம் இரண்டரை அடி இருந்தால் இரண்டு பக்கமும் முதுகு இடிக்காமல் உட்காரலாம். ரேம்பின் அடியில், அவசர வழியை விட்டுத் தள்ளி, இப்படி இரண்டு திண்டு, ஒரு விளக்கு, ஒரு குப்பைத்தொட்டி, போன் சார்ஜ் போட ஒரு பிளக். பின்வாசல் பக்கத்துக் கழிப்பறையை ஊழியர்களுக்கும் டெலிவரிக்காரர்களுக்கும் திறந்துவிடுங்கள். மூலையில் சிறுநீர் நாற்றம் என்று புகார் வந்தால், முக்கால்வாசி நேரம் அது பூட்டிய கழிப்பறையின் புகார்தான்.

ஸ்கேட்போர்டு கொஞ்சம் சிக்கல், அதை மறைக்க மாட்டேன். கல் விளிம்பு உண்மையிலேயே பெயரும். ஓடு பதித்த தரையில் சக்கரம் ஓடும் சத்தம் உள்ளே வரை கேட்கும். ஒரே ஒரு திண்டுக்கு மட்டும் விளிம்பில் இரும்பு ஆங்கிள் பதித்து, வழவழப்பான சிமெண்டுத் தரை போட்டு, அதை அவர்களுக்கென்று விட்டுப் பாருங்கள். மற்றவற்றை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் இது நன்றாக வழுக்கும். லண்டனில் குயீன் எலிசபெத் ஹாலின் கீழே இப்படித்தான் ஒரு மிச்ச இடத்தை 1970-களிலிருந்து ஸ்கேட்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் அங்கே கடைகள் கொண்டுவரத் திட்டம் வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே இடம் அவர்களுக்கு என்று ஒப்பந்தமானது. உங்கள் இடத்தில் யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடமும் வக்கீலிடமும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடனக் குழுவுக்கு வேலியே தேவையில்லை, மின் சுவிட்ச் போதும். அவர்கள் தேடுவது நிலைக்கண்ணாடி. கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கம் வெளிச்சமாகவும் உட்பக்கம் இருட்டாகவும் இருந்தால் பிம்பம் விழும். அதனால்தான் விளக்கு அணைத்த கிடங்கின் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். புகார் சொல்லும் கடைக்குப் பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கை எரியவிட்டு, வெளி விளக்கை அந்தப் பக்கம் கொஞ்சம் மங்கலாக்குங்கள். பிம்பம் போய்விடும். அடுத்து, யாருக்கும் தொந்தரவில்லாத கோடிச் சுவரில், உள்ளே இருட்டாக இருக்கும் கண்ணாடிக்கு வெளியே ஒரு நல்ல விளக்கைப் போட்டு, மாலையில் ஒருநாள் நீங்களே போய் அந்தப் பிள்ளைகளிடம் அங்கே தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.