பள்ளி முடித்ததும் கணக்கு வேலைக்குப் போகலாமா, பட்டம் வாங்கிவிட்டுப் போகலாமா?

கேள்வி கேட்டவர் சொன்ன நிலைமை இது: பள்ளி இறுதித் தேர்வு முடிந்துவிட்டது. கல்லூரியில் இடம் கிடைக்கும். சிறிய தணிக்கை அலுவலகம் ஒன்றில் உதவியாளராகச் சேரவும் வாய்ப்பு வந்திருக்கிறது. கணக்கியல் பிடிக்கும், ஆனால் கணிதத்தில் சுமார்தான். எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் பள்ளி முடித்த மூன்றாவது மாதமே வவுச்சர் (ஒவ்வொரு வரவு செலவுக்கும் ஆதாரமான சீட்டு) கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தவன். தேர்வுகளெல்லாம் அப்புறம்தான் எழுதினேன். அதனால் என் பதில் ஒரு பக்கமாகச் சாயும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கணிதக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிடலாம். கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம், இவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்குக் கால்குலஸ் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொன்று, ஓர் எண் உறுத்தினால் அதை விடாமல் துருவுகிற குணம். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. எனக்கு இல்லை, ஒருவர் பிடித்து உட்காரவைத்துத்தான் அதைப் பழக்கினார்.

முதல் மாதக் கடைசியில் நான் போட்ட இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியல், 360 உதைத்தது; இரண்டு மொத்தமும் அவ்வளவு வித்தியாசப்பட்டன. முதலிலிருந்து கடைசி வரை இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கூட்டினேன். அந்த அலுவலகத்தில் மூத்தவராக இருந்த அக்கா மேசையைக் கடந்து போகும்போது நின்று, "ஒன்பதால வகுத்துப் பாத்தியா?" என்றார். 360-ஐ 9-ஆல் வகுத்தால் 40, மீதி இல்லை. "அப்போ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு, அதைத் தேடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் கிடைத்தது. நாள்வாரியாக எழுதும் குறிப்பேட்டில் 7,480, அதிலிருந்து கணக்குவாரியாக ஏற்றும் பேரேட்டில் 7,840. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். அதேபோல, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவது இன்னொரு பழைய வழி. 2,400 உதைத்தால் 1,200 எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். இன்றைய மென்பொருள் இந்த இரண்டு தவறையும் பெரும்பாலும் நடக்கவே விடாது. ஆனால் எக்செல் தாளில் கையால் தட்டுகிற இடத்திலெல்லாம் இன்னும் நடக்கிறது.

நான் சொல்ல வந்தது அடுத்து நடந்ததை. பேரேட்டைத் திருத்தப் போனேன். அக்கா கையைத் தடுத்தார். "எது தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்? குறிப்பேடு தப்பா இருந்தா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். "பில்லை எடுத்துட்டு வா. காகிதம் பேசணும், நீ பேசக்கூடாது." பில்லைத் தேடி எடுத்து வந்து காட்டிய பிறகுதான் பேனாவைத் தொடவிட்டார்.

இந்தத் தொழிலில் முதல் இரண்டு வருடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று அதன் காகிதம் வரை திரும்ப நடந்து போய்ப் பார்ப்பது. கல்லூரியோ வேலையோ, இதை எது உங்களுக்குச் சீக்கிரம் பழக்கும் என்ற கேள்வியோடு பாருங்கள்.

கணக்கு டேலி ஆவதாலேயே சரியாகிவிடாது. ஒரு பில்லை அடியோடு பதியாமல் விட்டாலும் இருப்பாய்வு டேலி ஆகும். பழுதுபார்த்த செலவை இயந்திரத்தின் கணக்கில் ஏற்றி, சொத்தாகக் காட்டினாலும் டேலி ஆகும். இந்தக் கடைசி வகைத் தவறை ஒரு நிறுவனம் வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் உதாரணம். மற்ற நிறுவனங்களின் தொலைபேசி இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணம் நேராகச் செலவில் போயிருக்க வேண்டும். அதைச் சொத்தாக எழுதி லாபத்தை ஊதிக் காட்டினார்கள். 2002 ஜூனில் வெளியே வந்தபோது அந்தத் தொகை 380 கோடி டாலர். கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு. அவர்கள் கேட்டதும் நம் அக்கா கேட்டதைத்தான், இந்தப் பதிவுக்கு ஆதாரம் எங்கே என்று. ஆதாரம் இல்லை.

அதில் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. மேலதிகாரிகள் மட்டும் மாட்டவில்லை. மேலே இருந்தவர்கள் போடச் சொன்னார்கள் என்று மனமில்லாமல் பதிவுகளைப் போட்ட ஓர் இடைநிலைக் கணக்காளருக்கும் ஐந்து மாதம் சிறை கிடைத்தது. "சார் சொன்னார், போட்டேன்" என்பது இந்தத் தொழிலில் செல்லாது. ஆதாரம் இல்லாத பதிவைப் போடச் சொன்னால், யார் சொன்னார், எதற்காக என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பாதிப் பதில்.

சரி, வழிகளுக்கு வருவோம். பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் மூன்று பாதைகள்தான் உண்டு. பட்டம் படித்துவிட்டு வேலைக்கு வருவது, பள்ளி முடித்ததும் தொழில்முறைத் தேர்வுகளில் இறங்குவது, வேலை பார்த்தபடியே அந்தத் தேர்வுகளை எழுதுவது. பட்டம் இல்லாவிட்டால் கதவு மூடியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. பல நாடுகளில் இயங்கும் ஏசிசிஏ (ACCA) என்ற கணக்காளர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய காலத்தில் அதில் 13 தாள்கள், ஒவ்வொன்றிலும் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, அதோடு 36 மாதம் வேலை அனுபவமும் காட்ட வேண்டும். பள்ளித் தகுதியோடு நேராகச் சேரலாம். பொருத்தமான பட்டம் இருந்தால் சில தாள்களுக்கு விலக்கு கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 36 மாதத்தைப் பாருங்கள். எத்தனை தாள் பாஸ் செய்தாலும் அனுபவம் காட்டாமல் உறுப்பினராக முடியாது. ஆக என்றாவது ஒரு நாள் வவுச்சர் கட்டுக்கு நடுவே உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள். நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. வெளிநாட்டு அமைப்பின் தகுதியால் நல்ல வேலை கிடைக்கலாம், கையெழுத்துரிமை கிடைக்காமலும் போகலாம். நான்கு வருடம் படித்த பிறகு இது தெரியவந்து நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் பற்றும் வரவும். தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இது இன்னும் வேடிக்கையான சிக்கல். வரவு செலவு என்று சொல்லிப் பழகிய நாக்கு. பணம் வந்தால் அது வரவுதானே, அதை ஏன் ரொக்கக் கணக்கில் பற்று எழுதச் சொல்கிறார்கள்? எனக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது. ஒவ்வொரு கணக்கையும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால் தீர்ந்தது. வாங்கிக்கொண்டவர் பேரில் பற்று, கொடுத்தவர் பேரில் வரவு. ரொக்கப் பெட்டி பணத்தை வாங்கிக்கொண்டது, அதனால் பெட்டியின் பேரில் பற்று. நீங்கள் வங்கியில் பணம் போட்டால் வங்கி உங்களுக்கு "வரவு" என்று செய்தி அனுப்புகிறது அல்லவா? அது வங்கியின் பேரேடு. அதில் கொடுத்த ஆள் நீங்கள். உங்கள் பேரேட்டில் அதே பணம் வங்கியின் பேரில் பற்றாக இருக்கும். லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் இந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்ததல்ல, வணிகர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததைத்தான் ஏட்டில் ஏற்றினார்.

எக்செல் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும், ஏனென்றால் கற்றுத்தர இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிவட் டேபிள் (பட்டியலை வகைவாரியாகச் சுருக்குவது), சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டுவது), ஏதாவது ஒரு லுக்கப் (வேறு பட்டியலிலிருந்து தேடி எடுப்பது), இந்த மூன்றும் கைக்குப் பழகினால் முதல் வருடம் ஓடிவிடும். நான் மாட்டிக்கொண்ட கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் நிலுவைப் பட்டியலைத் தயாரித்து அனுப்பினேன். மொத்தம் குறைவாக இருந்தது. வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய சில எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருந்தன. கண்ணுக்கு எண், எக்செலுக்கு வெறும் எழுத்து, கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிட்டது. அந்த வாடிக்கையாளர்தான் அதைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் சொன்னார். அன்றிலிருந்து எந்தத் தாளையும் மூலப் பட்டியலின் மொத்தத்தோடும் வரிகளின் எண்ணிக்கையோடும் ஒப்பிடாமல் நான் வெளியே விடுவதில்லை.

"இதையெல்லாம் இனி இயந்திரம் செய்துவிடுமே" என்று இன்னொருவர் இதே கேள்விக்குக் கீழே எழுதியிருந்தார். பாதி உண்மை. இன்வாய்ஸைப் படித்துப் பதிவதை மென்பொருள் இப்போதே செய்கிறது. வெறும் பதிவேற்றும் வேலையை நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள். ஆனால் ஒரே சரக்குக்கு இன்வாய்ஸ் ஒரு முறையும் அதன் நினைவூட்டல் கடிதம் ஒரு முறையும் வந்தபோது இரண்டையும் தனித்தனிப் பில்லாக மென்பொருள் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொள்முதல் ஆணை, சரக்கு வந்த சீட்டு, இன்வாய்ஸ் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பையன்தான் பணம் போகும் முன் அதை நிறுத்தினான். அவனுக்கு அப்போது வேலையில் எட்டு மாதம்.

வேலை கிடைக்கும் முன்பே அனுபவம் தேட ஒரு வழி உண்டு. உங்கள் சொந்த வங்கி அறிக்கையை ஆறு மாதத்துக்கு எடுங்கள். குறிப்பேடு எழுதி, பேரேட்டில் ஏற்றி, இருப்பாய்வு போட்டு, ஐந்தொகை (சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் அறிக்கை) வரை கொண்டுபோங்கள். தொலைபேசியைச் சொத்தாகக் காட்டி, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் மதிப்பைத் தேய்மானமாகப் போடுங்கள். நண்பனுக்குக் கொடுத்த கடன் திரும்பி வருமா, வாராக்கடனா என்று முடிவெடுங்கள், அது பாடப்புத்தகம் சொல்லித்தராத வேதனை. ஏதாவது ஒரு சங்கத்துக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ ஒரு வருடம் கணக்கு எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மாதா மாதம் வங்கி அறிக்கையையும் உங்கள் கணக்கையும் ஒப்பிட்டு வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டிருந்தால் அதை நேர்முகத்துக்கு எடுத்துப் போங்கள். ஆள் எடுக்க உட்காரும்போது நான் சான்றிதழ் கட்டைப் புரட்டுவதற்கு முன் அப்படி எதையாவது வைத்திருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன்.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன், பரவாயில்லை. "இன்று ஓர் இயந்திரம் கடனுக்கு வாங்கினோம். இன்றைய லாபம், ஐந்தொகை, பணப்புழக்கம் மூன்றிலும் என்ன மாறும்?" லாபம் மாறாது. ஐந்தொகையில் சொத்தும் கடனும் ஒன்றாகக் கூடும். பணம் கைமாறாததால் பணப்புழக்கத்தில் ஒன்றும் வராது. தேய்மானம் தொடங்கும்போதுதான் லாபம் குறையும், கடனைக் கட்டும்போதுதான் பணம் குறையும். பட்டம் வாங்கியவர்களிலும் பலர் இதில் முதல் வரியிலேயே வழுக்குகிறார்கள்.

இனி உங்கள் இரண்டு வாய்ப்புகள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தச் சிறிய அலுவலகத்தில் சேர்ந்து, பட்டத்தைத் தொலைநிலையிலோ மாலை வகுப்பிலோ படிப்பேன். பெரிய நிறுவனத்தில் ஒரு வருடம் முழுக்க இன்வாய்ஸ் ஒப்பிடுவதோடு போய்விடலாம். சிறிய இடத்தில் ஒரே வருடத்தில் வவுச்சர் முதல் ஐந்தொகை வரை கண்ணில் படும். வீட்டு நிலைமை இடம் கொடுத்து, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி போன்ற ஆசையும் இருந்தால் முழுநேரக் கல்லூரியே சரி, அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் அந்த அலுவலகத்துக்குச் சம்மதம் சொல்லும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். தேர்வுக்கு விடுப்பு உண்டா? என் வேலையை யார் சரிபார்ப்பார்கள்? ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணக்கையாவது ஆரம்பம் முதல் கடைசி வரை என் கையில் தருவீர்களா? இரண்டாவது கேள்விக்கு "நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்" என்று பதில் வந்தால் சேராதீர்கள். சரிபார்க்க ஆள் இல்லாத இடத்தில் 7,840-ஐ யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், நீங்களும் கண்டுபிடிக்கப் பழக மாட்டீர்கள்.