கூகுளில் தானாக ஏறிவிட்ட படங்களை அழித்துவிடலாமா?

கேள்வி: நான் கொளத்தூரில் இருக்கிறேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் பிறந்த சமயத்தில் எடுத்தவை, எங்கள் இருவருக்கும் மட்டுமான சில படங்கள் எல்லாம் சேர்த்து போனில் 4,000 படங்களுக்கு மேல் இருக்கின்றன. போன வாரம் பார்த்தால் அத்தனையும் கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கின்றன. நான் எதையும் ஏற்றவில்லை. ஹாலிவுட் நடிகைகளின் படங்களையே கிளவுடிலிருந்து திருடிவிட்டார்கள், நாமெல்லாம் எம்மாத்திரம் என்கிறாள் தங்கை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாமா? என் ஜிமெயில், ஆறு வருடத்துக்கு முன்னால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் திறந்து கொடுத்தது. பழைய போனைப் போன தீபாவளிக்கு எக்சேஞ்சில் போட்டுவிட்டேன்.

பதில்: இன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை கடைசி இரண்டு வரிகள்தான். ஜெராக்ஸ் கடை, எக்சேஞ்ச் போன். அவற்றுக்கு வருவதற்கு முன் உங்கள் தங்கை சொன்ன விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

2014 ஆகஸ்ட் 31 அன்று ஜெனிஃபர் லாரன்ஸ், கேட் அப்டன் உள்ளிட்ட பலருடைய அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. ஆப்பிளின் கிளவுடான ஐகிளவுடையே உடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் பேசினார்கள். இரண்டு நாளில் ஆப்பிள் நிறுவனம் விளக்கம் கொடுத்தது: எங்கள் அமைப்பு எதுவும் உடைக்கப்படவில்லை, குறிப்பிட்ட சிலரின் பயனர் பெயர், கடவுச்சொல், பாதுகாப்புக் கேள்வி ஆகியவற்றைக் குறிவைத்துப் பிடித்திருக்கிறார்கள். விசாரணை போகப் போகத் தெரிந்த கதையும் இதையொட்டியே இருந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரயன் காலின்ஸ் என்பவர் ஆப்பிளும் கூகுளும் அனுப்பியதைப் போலத் தோன்றும் மின்னஞ்சல்களை அனுப்பிக் கடவுச்சொல் கேட்டிருக்கிறார். பலர் கொடுத்தும் விட்டார்கள். குறைந்தது 50 ஐகிளவுட் கணக்குகளுக்குள்ளும் 72 ஜிமெயில் கணக்குகளுக்குள்ளும் அவர் போயிருந்தார். 2016இல் 18 மாதச் சிறை. படங்களை இணையத்தில் ஏற்றியவர் அவர்தான் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே வகைக் குற்றத்துக்காக வேறு சிலரும் தனித்தனியாகச் சிறைக்குப் போனார்கள்.

ஆப்பிள் மேல் தப்பே இல்லை என்று நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதியை 2013இலேயே கொண்டுவந்தவர்கள், போனின் முழு பேக்கப்பைத் தரவிறக்கும் வழிக்கு அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். படங்கள் கசிந்த பிறகுதான் அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் வந்தது. ஆனாலும் சாவி போனது கணக்கின் சொந்தக்காரர் கையிலிருந்துதான்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம் அதற்கு முந்தைய வழக்கில் இருக்கிறது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் சேனி, ஸ்கார்லெட் ஜோஹான்சன் உட்பட 50 பேருக்கு மேல் மின்னஞ்சலுக்குள் புகுந்தவர். 2012 டிசம்பரில் 10 வருடத் தண்டனை கிடைத்தது. அவர் பெரிய கணினி மேதை ஒன்றும் இல்லை. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற பொத்தானை அழுத்துவார். அது கேட்கும் கேள்விகளுக்கு நடிகைகளின் பேட்டிகளிலும் செய்திகளிலும் பதில் தேடி எடுப்பார். உள்ளே போனதும், வரும் அஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தன் முகவரிக்குப் போகும்படி அமைத்துவிடுவார். சொந்தக்காரர் சந்தேகப்பட்டுக் கடவுச்சொல்லை மாற்றினாலும் நகல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

நடிகைகளின் விவரத்துக்காவது பேட்டி தேட வேண்டியிருந்தது. நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலிலேயே ஆரம்பிக்கிறது, மீதியைக் கல்யாணப் பத்திரிகை சொல்லிவிடும். பிறந்த தேதி முகநூல் வாழ்த்துகளில் இருக்கிறது, படித்த பள்ளி வாட்ஸ்அப் குழுவின் பெயரிலேயே இருக்கிறது. மகளின் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்துக் கடவுச்சொல் வைத்திருந்தால், உங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். திருவல்லிக்கேணியில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அவர் போனை வாங்கி, கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்தேன். ஒரே ஒரு போன் வைத்திருக்கும் அத்தையின் கணக்கு நான்கு இடத்தில் திறந்திருந்தது. ஒன்று கையில் இருந்த போன். இன்னொன்று இரண்டு வருடத்துக்கு முன் விற்ற போன். மூன்றாவது பேரனின் டேப். நான்காவது ஒரு விண்டோஸ் கணினி. "விண்டோஸா? அது யாருடையது?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "ஸ்மார்ட் கார்டுக்கு அப்ளை பண்ணப் போன பிரவுசிங் சென்டர்" என்றார்.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த பக்கத்தில் இருந்தது. கணக்கை மீட்பதற்கான கைபேசி எண் என்ற இடத்தில் இருந்த எண், அத்தையின் எண்ணே இல்லை. கணக்கைத் திறந்து கொடுத்த கடைப் பையன் ஓடிபிக்காகத் தன் நம்பரைப் போட்டிருக்கிறான். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. வரிசையில் பத்துப் பேர் நின்றிருப்பார்கள், வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று செய்திருப்பான். ஆனால் அந்த எண் யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்த நேரத்தில் அத்தையின் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். அத்தையின் கடவுச்சொல்லை எழுதிவைத்த நோட்டு ஒன்றும் அந்தக் கடையில் இருந்தது. நூறு பேருக்கு மேல் இருக்கும், பெயர், ஐடி, கடவுச்சொல் என்று வரிசையாக. எல்லோருடைய கடவுச்சொல்லும் அவரவர் பெயர், பின்னால் அதே 123.

ஆகவே முதல் வேலை, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பார்ப்பது. கூகுள் கணக்கில் 'பாதுகாப்பு' பகுதியில் இருக்கும். வேறு எண் இருந்தால் உடனே மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப கூகுள் இடம் கொடுக்கக்கூடும், எனவே அந்த வாரம் கணக்கில் ஒரு கண் இருக்கட்டும். அடுத்தது கடவுச்சொல். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். 'முருங்கைக்காய்' ஒன்று, 'மாம்பலம்' ஒன்று என்று ஆங்கில எழுத்தில் தட்டினாலே போதும், யாரும் ஊகிப்பது கஷ்டம். (இங்கே எழுதிவிட்டேன், இந்த இரண்டையும் வைக்காதீர்கள்.) இதை வேறு எந்த ஆப்புக்கும் வைக்கக் கூடாது. பிறகு சாதனப் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாததையும் விற்றுவிட்டதையும் வெளியேற்றுங்கள். ஜிமெயில் அமைப்புகளில், அஞ்சல்களின் நகலை வேறு முகவரிக்கு அனுப்பும் 'ஃபார்வர்டிங்' பகுதியில் தெரியாத முகவரி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போன் ஆப்பில் அது கிடைக்காது, கணினியில்தான் திறக்க வேண்டும். தயவுசெய்து அதே கடைக்குப் போய்த் திறக்காதீர்கள்.

கடைசியாக இரண்டு கட்டச் சரிபார்ப்பு. கடவுச்சொல் திருடு போனாலும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே வர முடியாதபடி செய்வது இதுதான். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே விரல்ரேகை வைத்துத் திறக்கும் பாஸ்கீ மேல். போலிப் பக்கத்தில் அது வேலையே செய்யாது என்பது அதன் பெரிய பலம். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். கூகுள் எட்டு இலக்கங்களில் பத்து அவசரக் குறியீடுகள் தரும். ஒரு தாளில் எழுதி நகை, பத்திரம் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். போனில் போட்டோ எடுத்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி.

இத்தனையையும் செய்த பிறகும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. நீங்களே கொடுத்துவிடுவது. ஹாலிவுட்டில் ஆப்பிள் பெயரில் அஞ்சல் வந்தது. இங்கே "இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே கோப்பு வருகிறது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், ஆப்பாக ஏன் வர வேண்டும்? அதை நிறுவிவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் வேறு யாரோ படிப்பார்.

சரி, கூகுளே பார்க்குமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் போட்டோஸில் படங்கள் பூட்டித்தான் இருக்கின்றன, ஆனால் அந்தப் பூட்டின் சாவி கூகுளிடம். ஐகிளவுடிலும் சாதாரண நிலையில் படங்களுக்கு அப்படித்தான். சாவி உங்கள் சாதனத்தில் மட்டும் இருக்கும் வசதியை ஆப்பிள் 2022 டிசம்பரில் கொண்டுவந்தது, நாமாகப் போய் இயக்க வேண்டும். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு அந்த வசதி 2021இல் வந்தது, அதையும் நாம்தான் இயக்க வேண்டும். இயக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. கூகுள் ஊழியர் உட்கார்ந்து உங்கள் ஆல்பத்தைப் புரட்டுவார் என்ற பயம் எனக்கு இல்லை. அந்த நோட்டு இருக்கும் கடைதான் எனக்குப் பயம்.

பென் டிரைவைப் பற்றி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர் பக்கமிருந்து என்னிடம் வந்த ஹார்டு டிஸ்க்குகள் ஒரு மேசை நிறைய இருந்தன. கல்யாண ஆல்பம் ஊறிப்போய், டிஸ்க்கும் சேறாகி, ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் உண்டு. பென் டிரைவ் அதைவிட மோசம், காரணமே சொல்லாமல் ஒருநாள் செத்துவிடும், சுண்டு விரல் அளவில் இருப்பதால் தொலைந்தும் போகும். மகளின் படங்கள் எல்லாம் கூகுளிலேயே இருக்கட்டும். கூடுதலாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

உங்கள் இருவருக்குமான அந்தச் சில படங்கள் மட்டும் வேறு கணக்கு. கூகுள் போட்டோஸில் லாக்டு ஃபோல்டர் என்று ஒன்று உண்டு. அதற்குள் நகர்த்தினால் போனைத் திறந்தவருக்கும் கேலரியில் தெரியாது. அதற்கென்று இருக்கும் பேக்கப்பை நிறுத்தியே வைத்தால் கிளவுடுக்கும் போகாது. ஆனால் போன் போனால் அவையும் போகும், யோசித்துக்கொள்ளுங்கள். அழிப்பதென்றால் ஒன்று தெரிந்துகொண்டு அழியுங்கள்: ஆப்பில் அழித்தால் போனிலும் கிளவுடிலும் சேர்ந்தே அழியும், கிளவுடில் ஏறிய படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அந்தத் தொட்டியையும் காலி செய்தால்தான் உண்மையில் போகும். படங்களைத் தானாக ஏற்றும் பேக்கப்பை நிறுத்துவதால் ஏற்கெனவே ஏறியவை இறங்கிவிடாது.

அப்புறம் அந்த எக்சேஞ்ச் போன். ஹாங்காங்கில் 2008இல் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் பரவி ஊரே நாறியது. கிளவுடு எதுவும் சம்பந்தப்படவில்லை. லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தார், கடையில் இருந்தவர் நகல் எடுத்தார். நான் ரிச்சி தெருவில் சர்வீஸ் மேசையில் இருந்த காலத்தில், போனைக் கொடுப்பவர்கள் பேட்டர்னையும் சேர்த்து ஒரு சீட்டில் வரைந்து பின்னால் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். டிஸ்ப்ளே மாற்ற பேட்டர்ன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எக்சேஞ்சில் கொடுக்கும் முன், போனில் உள்ளதையெல்லாம் துடைத்துவிடும் ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தால் கவலையில்லை. கடந்த சில வருடங்களில் வந்த போன்களில் தகவல் பூட்டிய வடிவில்தான் இருக்கிறது, ரீசெட்டில் அந்தச் சாவி அழிந்துவிடும். ஆனால் மெமரி கார்டை எடுத்தீர்களா? சாதாரணமாக அது பூட்டப்படாதது, ரீசெட்டில் அழியவும் அழியாது. போன கார்டை இனி ஒன்றும் செய்ய முடியாது, கணக்கிலிருந்து அந்தப் போனையாவது வெளியேற்றுங்கள்.

எப்போதாவது யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எண்ணையும் இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், எதையும் அழிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பாலியல் படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் முறையே ஐந்து வருடம் வரை சிறை தரும் குற்றம். அந்தரங்க உறுப்புகளின் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதோ வெளியிடுவதோ 66இ பிரிவில் மூன்று வருடம் வரை. ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை ஒன்றும் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை, உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு டிஜிட்டல் கைரேகையை எடுத்து அதை மட்டும் அனுப்பும். முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவை அதை வைத்து அந்தப் படம் ஏறுவதைத் தடுக்கும்.

இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டு மஸ்கட்டுக்கு ஒரு போன் போடுங்கள். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் அவர் போனிலும் இருக்கும், அவர் கணக்கிலும் தானாக ஏறிக்கொண்டிருக்கலாம். அவருடைய ஜிமெயிலை யார் திறந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.