முதல் கிணத்தை மூடுங்கோ: ஓட்டிசம் விளையாட்டு விழா பற்றிய கேள்வி பதில்

வணக்கம். உடற்கல்வி ஆசிரியையாத் தொடங்கி, பிறகு விசேட கல்வி அலகில கன வருசம் படிப்பிச்சனான். ஓட்டிசம் (ஆட்டிசம், autism) எண்டது பழகிறது, கதைக்கிறது, சத்தம் வெளிச்சத்தை உணருறது வித்தியாசமா இருக்கிற ஒரு நிலை. அதின்ர ஏற்புக்காகப் பள்ளிக்கூடங்கள் வைக்கிற நிதி சேர்ப்பு விளையாட்டு விழாக்களில நிண்டு வேலை செய்திருக்கிறன். விழா ஒழுங்கு பற்றி என்னவும் கேளுங்கோ. மருந்து, சிகிச்சை பற்றிக் கேக்க வேண்டாம்.

சாவகச்சேரி ஆசிரியை: ரீச்சர், ஏப்ரல் 2 உலக ஓட்டிச தினத்திலதான் வைக்க வேணும் எண்டு அதிபர் நிக்கிறார். மெய்வல்லுநர் போட்டி மாதிரிப் பின்னேரம் 1.30க்குத் தொடங்கலாமோ?

பதில்: 2007 டிசம்பரில ஐ.நா. பொதுச்சபை தீர்மானிச்ச நாள் அது, 2008இல இருந்து அனுட்டிக்கினம். நாளில பிழையில்லை, நேரத்திலதான் பிழை. ஏப்ரல் நடுப்பகுதியில சூரியன் எங்கட உச்சிக்கு நேர வந்திடும். அந்த வெக்கையில வேர்வையும் ரீசேட்டும் ஒட்டிப்பிடிக்கிறதே சில பிள்ளையளுக்குப் பெரிய வதை. காலமை 6.30க்குத் தொடங்கி 9 மணிக்கு முடிச்சிடுங்கோ. அதிபர் சம்மதிச்சா மாசியில வையுங்கோ, இன்னும் நல்லது.

மானிப்பாய் அம்மா: என்ர மகனுக்கு 8 வயசு. ஓட நல்ல விருப்பம். போன வருசம் தொடக்க வெடி கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில இருந்திட்டான். இந்த முறை விடப் பயமாக் கிடக்கு.

பதில்: அம்மா, உங்கட பயம் நியாயமானது. நான் பொறுப்பா நிண்ட ஒரு விழாவில நடந்ததைச் சொல்லுறன். ஏழு வயசுப் பெடியன், பச்சை ரீசேட், மூண்டாவது பாதை. "ஆயத்தம்" எண்டவுடன வடிவாக் குனிஞ்சான். வெடி கேட்டதும் மற்றப் பிள்ளையள் முன்னுக்கு ஓட, அவன் திரும்பிப் பின்னுக்கு ஓடினான். முடிவுக் கோட்டைப் பாத்துக்கொண்டு நிண்ட எங்கள் ஒருத்தருக்கும் தெரியேல்லை. தேடிப் போனா, வகுப்பறைக்குப் பின்னால கிணத்தடியில நிக்கிறான். கட்டில வயிறு அழுந்த எட்டி, தண்ணியில ஆடுற வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டு. நான் கூப்பிடேல்லை. மெல்ல நடந்து போய் இடுப்பில பிடிச்சுத் தூக்கினன். என்ர கை நடுங்கினது நிக்கக் கனநேரம் போச்சு. வெடி வைக்கச் சொன்னதும் நான், கிணத்தைப் பாராமல் விட்டதும் நான்.

ஓட்டிசம் உள்ள பிள்ளையளில கனபேருக்குத் தண்ணியில ஈர்ப்பு இருக்கு. அப்பிடித் தனிய வெளிக்கிட்டுப் போற பிள்ளையள் உயிர் போக முக்கிய காரணம் நீரில மூழ்கிறதுதான். அதால எந்த விழாவுக்கும் என்ர முதல் வேலை கிணத்துக்குக் கம்பி வலை மூடி, வாசலுக்கு ஒரு ஆள். பந்தலும் பதாகையும் பிறகு.

உங்கட மகனுக்கு இப்பிடிச் செய்யுங்கோ. வெடியும் விசிலும் வேண்டாம், கொடி அசைக்கச் சொல்லிப் பொறுப்பாசிரியரிட்டக் கேளுங்கோ. முதல் நாள் பின்னேரம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அவன் ஓடப்போற பாதையில ரெண்டு தரம் நடவுங்கோ. வாசல், நிக்கிற இடம், ஓட்டம், தண்ணிப் போத்தில், வீடு எண்டு ஐஞ்சு படம் கீறி மட்டையில ஒட்டிக் கையில குடுங்கோ. ஓரப் பாதை கேளுங்கோ, பக்கத்தில அவனுக்குப் பழக்கமான பிள்ளை ஓடட்டும். முடிவுக் கோட்டில நெஞ்சில முட்டுற நாடா வேண்டாம். அண்டைக்கு ஓடமாட்டன் எண்டானெண்டா விட்டிடுங்கோ, பக்கத்தில இருந்து பாக்கட்டும்.

பழைய மாணவர், ரொறன்ரோ: காசு அனுப்புறம். புதிர்த் துண்டுப் படம் போட்ட 300 ரீசேட் அடிக்க யோசனை. சரியோ?

பதில்: அந்தப் படம் 1963இல பிரித்தானியாவில ஒரு சங்கத்தின்ர சின்னமா வந்தது. அப்ப அதுக்குள்ள அழுகிற பிள்ளை ஒண்டும் இருந்தது. 'தீர்க்கேலாத புதிர்', 'பாவம்' எண்ட கருத்தோட வந்ததால ஓட்டிசம் உள்ள பெரியாக்கள் கனபேர் அதை விரும்பிறேல்லை. பிள்ளையள் தங்கட விளையாட்டு இல்ல நிறத்தில வைச்சிருக்கிற ரீசேட்டே போதும். அந்தக் காசில காதுக் கவசம் 20 வாங்குங்கோ. மிச்சத்தைப் போதனா வைத்தியசாலைக்குப் பேச்சுச் சிகிச்சைக்கு வந்து போற தாய்மாரின்ர பஸ் காசுக்கு ஒதுக்குங்கோ.

நல்லூர், உயர்தர மாணவி: பதாகையில 'தன்முனைப்புக் குறைபாடு', 'மதியிறுக்கம்', எதை எழுத?

பதில்: ஓட்டிசம் எண்டே எழுதுங்கோ. வீட்டில தாய் தகப்பன் சொல்லுற சொல் அதுதான்.

வட்டுக்கோட்டை, பழைய மாணவர்: ரீச்சர், வெடி வேண்டாம், விசில் வேண்டாம். அடுத்து பாண்ட் வாத்தியமும் வேண்டாம் எண்டுவியள். அணிநடை இல்லாத விளையாட்டுப் போட்டி எங்க இருக்கு? ஆயிரம் பிள்ளையளின்ர சந்தோசத்தைப் பத்துப் பேருக்காக நிப்பாட்டுறதோ?

பதில்: ஓம், பாண்ட் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அந்தப் பத்துப் பேரின்ர பேரில காசு சேர்த்துப்போட்டு, அவையை மைதானத்தில நிக்கேலாமல் செய்யிறது என்ன நியாயம்?

வட்டுக்கோட்டை: பாண்ட் அடிக்கிறதும் பிள்ளையள்தானே, மூண்டு மாதம் பழகினவை.

கொக்குவில், பெடியன்: ரீச்சர், எனக்கு ஓட்டிசம். 19 வயசு. எனக்கு பாண்ட் நல்ல விருப்பம். அடுத்த அடி எப்ப விழும் எண்டு தெரியும். மைக்கில திடீரெண்டு கத்துறதுதான் எனக்கு ஏலாது. விசில் பல்லுக்குள்ள கூசும்.

பதில்: தம்பி, நன்றி. நான் ஒரேயடியாச் சொன்னது பிழை. சத்தத்தின்ர அளவை மட்டும் பாத்தன், எதிர்பாராமல் வாறதை யோசிக்கேல்லை.

வட்டுக்கோட்டை: பாத்தியளோ!

கோப்பாய் அக்கா: அவசரப்படாதேங்கோ. என்ர தம்பி பெரிய மேளம் கேட்டா சத்தி எடுப்பான். எவ்வளவு முன்னமே சொல்லிவைச்சாலும்.

பதில்: ரெண்டு பேர் சொல்லுறதும் உண்மை. ஓட்டிசம் உள்ள ரெண்டு பேரின்ர காது ஒரே மாதிரி இராது. வட்டுக்கோட்டைத் தம்பி, இப்பிடிச் செய்வமோ? பாண்ட் ஒரே ஒரு தரம், 6.45க்கு, பத்து நிமிசம். மைதானத்தின்ர மற்ற அந்தத்தில. நேரத்தைப் பட அட்டவணையில முன்னமே போடுங்கோ. கோப்பாய்த் தம்பி மாதிரிப் பிள்ளையள் 7 மணிக்கு வரட்டும். தூரத்து வகுப்பறை ஒண்டு, பாய் விரிச்சு, லைற் நிப்பாட்டி, ஒலிபெருக்கி மற்றப் பக்கம் பாத்தபடி. அறிவிப்பாளர் கத்தாத ஆளா இருக்க வேணும், இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

வட்டுக்கோட்டை: பனை வரிசைக்கு அங்கால நிக்கச் சொல்லி பாண்ட் மாஸ்ரரிட்டக் கதைக்கிறன். நடத்தினாப் பிறகு வந்து சொல்லுறன்.

பதில்: சந்தோசம். கொக்குவில் தம்பியையும் ஒழுங்குக் குழுவில சேருங்கோ. எங்களைவிட அவருக்குத் தெரியும்.

உடுவில்: வினோதப் போட்டி என்ன வைக்கலாம்?

பதில்: போத்திலுக்குத் தண்ணி நிரப்புதல், தேசிக்காய்க் கரண்டி, சாக்கோட்டம். பலூன் உடைக்கிறது வேண்டவே வேண்டாம். அஞ்சல் ஓட்டத்தில ஒவ்வொரு அணியிலும் விசேட கல்வி அலகுப் பிள்ளை ஒண்டு, வகுப்புப் பிள்ளையள் மூண்டு.

அச்சுவேலி: பிரதம விருந்தினரா ஆரைக் கூப்பிடலாம்?

பதில்: நீளமாப் பேசாத ஆளை.

பருத்தித்துறை: தடுப்பூசியாலதான் இது வருதாம், விழாவில அதையும் சொல்லலாமோ?

பதில்: சொல்லாதேங்கோ. அப்பிடிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல மீளப் பெற்றிட்டுது.

சுன்னாகம்: இதுக்கு மருந்து இருக்கோ?

பதில்: முதலே சொன்னனான். பிள்ளை வைத்திய நிபுணரைக் கேளுங்கோ.

காரைநகர்: விருந்தினர் ஆரைக் கூப்பிட?

பதில்: மேல வாசியுங்கோ.

வேலணை: சேர்ற காசை ஆர் வைச்சிருக்கிறது? பிள்ளையளை மேடையில ஏத்தி உதவி குடுத்துப் படம் எடுத்தா இன்னும் சேரும் எண்டினம்.

பதில்: காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில, பற்றுச்சீட்டோட. வரவு செலவை அறிவித்தல் பலகையில ஒட்டுங்கோ. மேடைப் படம் கூடவே கூடாது. பையை வாங்க மாட்டன் எண்டு திமிறின பிள்ளையின்ர கையைப் பிடிச்சு விருந்தினரின்ர கைக்குள்ள வைச்சதைக் கண்டிருக்கிறன். பக்கத்தில தாய் சிரிச்சுக்கொண்டு நிண்டா, கண் கலங்கிக் கிடந்தது. இலங்கையின்ர 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின்ர உரிமை பற்றித்தான் கதைக்குது. உதவியைப் பேர் ஊர் தெரியாமல் வீட்டில கொண்டுபோய்க் குடுங்கோ.

புங்குடுதீவு: விருந்தினர்...

பதில்: விருந்தினர் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டன். கிணத்தை மூடியாச்சோ?

புங்குடுதீவு: எங்கட பள்ளிக்கூடத்தில கிணறு இல்லை ரீச்சர், குழாய்த் தண்ணிதான்.

பதில்: பக்கத்து வளவில? வேலி எங்கையும் விட்டுப்போய்க் கிடக்கோ? நாளைக்கு ஒருக்காச் சுத்தி நடந்து பாத்திட்டு வந்து சொல்லுங்கோ.