டர்ஹமில் வீடு பார்க்கலாமா?

தம்பி, அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில், ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற தொழில்நுட்ப வளாகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, டர்ஹமில் வீடு பார்க்கலாமா, கறுப்பினத்தவர் அதிகம் இருக்கும் ஊர், வேண்டாம் என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பாருங்கள். அப்படிச் சொல்பவர்களில் நம் இந்திய ஆட்களும் உண்டு. தாங்கள் இருக்கும் கேரி, மோரிஸ்வில் என்ற பக்கத்து ஊர்களைத் தாண்டாமலே சொல்கிறார்கள், அதுதான் வருத்தம்.

நகர மையத்தில் பாரிஷ் தெரு இருக்கிறது. 1898-இல் கறுப்பின மக்களே தொடங்கிய நார்த் கரோலைனா மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வளர்ந்த தெரு அது. வெள்ளையர் வங்கிகள் கடன் தர மறுத்த காலத்தில் சொந்தமாக வங்கியும் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் 1957 ஜூன் 23. ராயல் ஐஸ்கிரீம் கடைக்குள் நடுவே ஒரு தடுப்புச் சுவர். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு வேறு வாசல். போதகர் டக்ளஸ் மூரும் ஆறு இளைஞர்களும் வெள்ளையர் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எழச் சொன்னபோது எழவில்லை. கைது, ஆளுக்குப் பத்து டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், வழக்கை எடுத்துக்கொள்ளவே அது மறுத்துவிட்டது. அதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோவில் மாணவர்கள் இப்படியே உட்கார்ந்து நடத்திய, உலகம் பேசும் போராட்டம் நடந்தது 1960 பிப்ரவரியில்தான். அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் டர்ஹம் வந்து, ஒயிட் ராக் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறைக்கு அஞ்ச வேண்டாம் என்று பேசினார்.

நீங்கள் தினமும் வேலைக்குப் போகப்போகும் 147-ஆம் நெடுஞ்சாலை, ஹேட்டை என்ற கறுப்பின மக்களுடைய குடியிருப்பைப் பிளந்துகொண்டு போகிறது. வீடு, கடை, தேவாலயம் எல்லாவற்றையும் இடித்துத்தான் அதைப் போட்டார்கள். ஃபேயட்வில் தெருவில் 1891-இல் கட்டிய செங்கல் தேவாலயம் தப்பியது. இன்று அதுதான் ஹேட்டை பண்பாட்டு மையம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 1965 வரை அமெரிக்காவில் குடியேற இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு வெறும் 100 பேர். இன அடிப்படையில் ஆளைப் பிரிப்பது தவறு என்று இந்தக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடி நாட்டின் மனதை மாற்றிய பிறகுதான், அந்த ஒதுக்கீட்டு முறையை எடுத்த 1965 சட்டம் வந்தது. நான் வந்ததும் நீங்கள் வருவதும் அந்த வழியில்தான்.

சரி, முதல் வார இறுதியில் ஃபேயட்வில் தெருவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.