டோக்கியோவில் பழைய பாஸ் கிட்டார் வாங்குவது: குளச்சல் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே ஆசையோடு வந்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். குளச்சலில் பங்குக் கொயரில் பாஸ் வாசித்துக்கொண்டிருந்தாய். இப்போது வேலை கிடைத்து டோக்கியோ வந்திருக்கிறாய். ஊரில் படத்தில் மட்டும் பார்த்த, அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் பாஸ் ஒன்றை இங்கே செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டும், ஏமாறக் கூடாது, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கும் கொண்டுபோக வேண்டும். நான் மார்த்தாண்டத்துக்காரன். நிஷி-கசாய் பக்கம் குடும்பத்தோடு ரொம்ப வருடமாக இருக்கிறேன், ஞாயிறு வழிபாட்டில் இன்னும் பாஸ் வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அறுபதுகளின் ஃபெண்டரை இப்போதைக்கு விட்டுவிடு. ஃபெண்டரின் பேர்பெற்ற இரண்டு மாடல்களில் பிரெசிஷன் பாஸ் 1951-ல் வந்தது, ஜாஸ் பாஸ் 1960-ல். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முந்தையவை என்றாலே சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்று இங்கே பத்து லட்சம் யென்னை எளிதாகத் தாண்டும். அந்த விலையில் பாதி, வருடத்துக்கும் பூச்சுக்கும் போகிறது. பழைய பெயின்ட் அப்படியே இருக்க வேண்டும், ஸ்க்ரூகூட மாறியிருக்கக் கூடாது என்று பார்க்கிறவர்கள் கொடுக்கிற விலை அது. நீ கொயரில் வாசிக்கிறவன். உனக்கு வேண்டியது நேரான நெக் (கழுத்துக் கட்டை), ஒழுங்கான ஃப்ரெட் (அதன்மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), சுத்தமான ஒலி. அது மூன்றும் இந்த நாட்டிலேயே செய்த எண்பதுகளின் பாஸ்களில் தாராளமாகக் கிடைக்கும். நாற்பது வயதை ஒட்டிவிட்டதால் அவையும் விண்டேஜ்தான்.

கதை இப்படி. எழுபதுகளின் கடைசியில் கிரேகோ, தோக்காய் போன்ற ஜப்பான் கம்பெனிகள் பழைய ஃபெண்டர்களைப் பார்த்து அவ்வளவு நன்றாக நகல் செய்தன. அசலுக்கே அது சவாலாகிவிட்டது. அதனால் ஃபெண்டரே 1982-ல் இங்குள்ள கூட்டாளிகளோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. தொடக்கத்தில் செய்து கொடுத்தது நகானோ மாநிலத்து மட்சுமோட்டோவில் உள்ள ஃபுஜிகென் தொழிற்சாலை. 1957, 1962 மாதிரிகளைத் திரும்பச் செய்தார்கள். அவற்றின் தொடர் எண் 'ஜேவி' என்று தொடங்கும், 1982 முதல் 1984 வரை. வெளிநாட்டுக்குப் போனவற்றில் ஸ்குவையர் என்ற பெயர் இருக்கும், ஆனால் கை அதே கைதான். மாடல் எண்ணிலேயே அன்றைய விலையும் இருக்கும். ஜேபி62-75 என்றால் 62 மாதிரி ஜாஸ் பாஸ், 75,000 யென். ஜேபி62-115 என்றால் 1,15,000 யென். ஆகவே கடையில் பாஸில் தொங்குகிற விலைச் சீட்டில் மாடலின் கடைசி எண்ணைப் பார்த்தாலே அது அந்தக் காலத்தில் எந்தத் தரத்தில் விற்றது என்று தெரிந்துவிடும்.

ஜேவி இப்போது பேர் பெற்றுவிட்டது, அதனால் அதற்கும் விலை ஏறிவிட்டது. பைசா இடித்தால் தோக்காய் ஹார்ட் பஞ்சர், கிரேகோ, மட்சுமோக்கு தொழிற்சாலையில் செய்த அரியா ப்ரோ டூ, யமஹா பிபி வரிசை, இவற்றைப் பார். எனக்கு யமஹா பிபி மேல் தனி மரியாதை உண்டு. பேருக்காக யாரும் தேடுவதில்லை, ஆனால் மரமும் வேலையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் சம்பளத்தைப் பற்றி ஒன்று. முதல் வருடம் கையில் வருகிற சம்பளம் உனக்கு நிறைய இருப்பதுபோலத் தெரியும். குடியிருப்பு வரி என்று ஒன்று இங்கே உண்டு, அது முந்தைய வருட வருமானத்தைக் கணக்கிட்டு அடுத்த ஜூனில்தான் பிடிக்கத் தொடங்குவார்கள். வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம். புதிதாக வருகிற நம்ம பிள்ளைகள் பலர் அந்த ஜூனில்தான் விழி பிதுங்கி நிற்கிறார்கள். ஊருக்கு அனுப்புகிற பணம், அந்த வரி, இரண்டையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வாங்கு. தவணையில் வாங்காதே. கடையில் 'டாக்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருப்பது சுற்றுலா வருகிறவர்களுக்கு, வேலை விசாவில் இருக்கிற நமக்குக் கிடையாது. சீட்டில் போட்டிருக்கிற விலையில் பத்து சதவீத வரி சேர்ந்தே இருக்கும்.

சரி, எங்கே போவது? ஒச்சனோமிஸு. ஸ்டேஷனில் இறங்கி மெய்ஜி பல்கலைக்கழகம் இருக்கிற சரிவில் கீழே நடந்தால் இருபுறமும் கிட்டார் கடைகள். சிலவற்றில் ஒரு மாடி முழுக்க பாஸ் மட்டுமே. பெரும்பாலும் காலை பதினொரு மணி வாக்கில்தான் திறப்பார்கள். முடிந்தால் வேலை நாளில் லீவு போட்டுப் போ, சனி ஞாயிறு கூட்டத்தில் நிதானமாக வாசித்துப் பார்க்க முடியாது. சுவரில் இருப்பதை நீயாக எடுக்காதே. "ஷிசோ தெகிமாஸ்கா" என்று கேள், வாசித்துப் பார்க்கலாமா என்று அர்த்தம். அவர்களே எடுத்து, டியூன் செய்து, ஆம்பில் செருகி, நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். பெல்ட் பக்கிளும் சட்டைப் பொத்தானும் பின்பக்கம் உரசாமல் பார்த்துக்கொள். அதை அவர்கள் கவனிப்பார்கள். நம்ம சந்தையில் பேசுவதுபோல விலை பேச வேண்டாம். வாங்குவது உறுதியானபின் புதுக் கம்பி ஒரு செட்டோ, பையோ சேர்த்துத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள்.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது கடைச் சீட்டுதான். குறையை மறைக்காமல் எழுதிவிடுவார்கள். நீ படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது ஐந்தாறு சொற்கள்தான். போனில் மொழிபெயர்ப்பு வைத்துப் பார்த்தால் சில சொற்கள் தலைகீழாக வரும், அதனால் மனப்பாடமே நல்லது. 'ஜுன்சோரி' என்றால் நெக் கம்பி இழுக்கிற பக்கமாக வளைந்திருக்கிறது. கொஞ்சம் இருந்தால் குற்றமில்லை. 'கியாகுசோரி' என்றால் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறது. கம்பி ஃப்ரெட்டில் அடிக்கும், நெக்கின் உள்ளே இருந்து வளைவைச் சரிசெய்கிற டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் தளர்த்தினால் சரியாகிறதா என்று கேட்க வேண்டும். 'நெஜிரே' என்றால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்தவுடன் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போ. 'மோத்தோஓகி' என்றால் நெக் உடலில் சேர்கிற இடத்தில் தூக்கியிருக்கிறது. அதுவும் வேண்டாம். டிரஸ் ராட் பற்றி எழுதிய வரியில் 'யோயூ' இருந்தால் இன்னும் முறுக்க இடமிருக்கிறது என்று பொருள். நாற்பது வருடப் பழசில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஃப்ரெட் எவ்வளவு மிச்சம் என்பதையும் பத்தில் எட்டு, பத்தில் ஆறு என்று போட்டிருப்பார்கள். பத்தில் ஐந்துக்குக் கீழே இருந்தால் கூடிய சீக்கிரம் ஃப்ரெட் மாற்ற வேண்டிவரும், அதற்குப் பல பத்தாயிரம் யென் ஆகும், அதையும் விலையோடு கூட்டிப் பார். 'காரி' என்றால் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறது. பெரும்பாலும் ஸ்ப்ரே அடித்தால் போய்விடும், இதற்காக நல்ல பாஸை விடாதே. 'ஜங்க்' என்று எழுதியிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பவும் முடியாது. சால்டரிங் தெரியாதவன் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சீட்டைப் படித்த பிறகும் நெக்கை உன் கையால் பார். மடியில் வைத்து, இடது கையால் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்து. வலது கைச் சுட்டுவிரலால் அதே கம்பியை நெக் உடலைச் சந்திக்கிற இடத்து ஃப்ரெட்டில் அழுத்து. இப்போது கம்பி நேர்க்கோடு. ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்று நுழைகிற இடைவெளி இருந்தால் சரி. இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும், இடைவெளி அதிகமாக இருந்தாலும் கடைக்காரரிடம் ராடைத் திருப்பிக் காட்டச் சொல். பழைய மாதிரி ஃபெண்டரில் ராட் திருகாணி உடல் பக்கம் ஒளிந்திருக்கும், நெக்கையே கழற்ற வேண்டிவரும். அதை அவர்கள் செய்யட்டும், நீ தொடாதே. அப்புறம் நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஆம்ப் இல்லாமல், மெதுவாக வாசி. ஜி கம்பியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரை நன்றாகக் கேள். ஃபெண்டர் வகை பாஸ்களில் அந்த இடத்தில் ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். கொஞ்சம் இருப்பது இயல்பு. பாட்டின் நடுவே ஓட்டை விழுகிற அளவுக்கு இருந்தால் வேண்டாம்.

ஆம்பில் செருகியபின் ஜாஸ் பாஸ் என்றால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இரண்டில் ஒன்றை மட்டும் திறந்துவைத்தால் இரையும். அது பழுதில்லை, அமைப்பே அப்படி. இரண்டையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் அடங்க வேண்டும். பிரெசிஷனில் இந்தத் தொல்லை இல்லை.

எடையையும் பார். எழுபதுகளின் ஆஷ் மரத்து பாஸ்கள் சில, தோளைக் கழற்றிவிடும். நம்ம ஊரில் திருவிழாத் திருப்பலி எவ்வளவு நேரம் போகும் என்று உனக்கே தெரியும்.

இவ்வளவு சொல்லியும் அமெரிக்க ஃபெண்டர்தான் வேண்டும் என்றால், எண்ணை மட்டும் நம்பாதே. அறுபதுகளிலும், அதன்பின் 1976 வரையிலும், தொடர் எண் நெக்கை உடலோடு பூட்டுகிற தகடான நெக் பிளேட்டில்தான் இருந்தது, ஸ்க்ரூக்களைக் கழற்றினால் யாரும் மாற்றிவிடலாம். உள்ளே, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற பாட் என்ற பாகத்தின் முதுகில் ஒரு எண் அடித்திருக்கும். 1377215 என்று இருந்தால் 137 செய்த கம்பெனி, 72 வருடம், 15 அந்த வருடத்தின் பதினைந்தாவது வாரம். பாஸ் அதற்கு முந்தைய வருடத்தது என்று சொன்னால், பாட் மாற்றப்பட்டிருக்க வேண்டும் அல்லது சொல்வது பொய். நெக் அடிப்பக்கத்தில் இருக்கிற தேதி முத்திரையையும் படம் எடுத்துக் காட்டச் சொல். நல்ல கடை தயங்காது.

நெட்டில் தனி ஆளிடம் வாங்கினால் மலிவுதான். மெர்காரி என்ற செகண்ட் ஹேண்ட் ஆப்பில் பொருள் வந்து நீ மதிப்பீடு போட்ட பிறகுதான் விற்றவருக்குப் பணம் போகும். அதனால் வந்தவுடன் நட்சத்திரம் போடாதே. பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடு, எல்லா ஃப்ரெட்டையும் வாசி, பிறகு போடு. ஆனாலும் முதல் பாஸை கடையில் வாங்கு என்பதுதான் என் கருத்து. சில மாத உத்தரவாதம் இருக்கும், நெக் நகர்ந்தால், அதாவது வளைவு மாறினால், கொண்டுபோய்க் காட்டலாம். ஜூன் மாத மழைக்கும் டோக்கியோவின் வறண்ட குளிருக்கும் நடுவே பழைய நெக் கட்டாயம் நகரும்.

பெரிய ஆம்ப் வாங்காதே. இங்குள்ள வீட்டுச் சுவரில் பக்கத்து வீட்டுத் தும்மலே கேட்கும். பாஸின் அடி ஒலி தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகும், புகார் நேராக உன்னிடம் வராது, வீட்டு நிர்வாகக் கம்பெனியிலிருந்து கடிதமாக வரும். ஹெட்ஃபோனில் வாசி. சத்தமாக வாசிக்க ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோக்களில் தனி ஆள் பயிற்சிக்கென்று மலிவுக் கட்டணம் உண்டு, ஆம்ப் அங்கேயே இருக்கும். தவிர இங்கே மின்சாரம் 100 வோல்ட். இந்த ஆம்பை ஊரில் 230-ல் நேராகச் செருகினால் புகைதான் வரும். பாஸுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இனி ஊருக்குக் கொண்டுபோவது. திருவனந்தபுரத்துக்கு நேர் விமானம் கிடையாது. கொழும்போ சிங்கப்பூரோ கோலாலம்பூரோ மாற வேண்டும், அதனால் டிக்கெட் போடுமுன் எல்லா விமானத்துக்கும் அளவு விதியைக் கேட்டு வை. முழு பாஸ் கேபினில் ஏறாது, ஹார்ட் கேஸில் போட்டால் செக்-இன் அளவையும் மீறி தனிக் கட்டணம் வரலாம். கம்பியைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, நெக்கையும் உடலையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டினால் பெட்டி சிறுத்துவிடும். கடை ரசீதைக் கையில் வை, கஸ்டம்ஸில் கேட்டால் காட்ட வேண்டும்.

மரத்துக்கு அனுமதி வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். 2017-ல் எல்லா ரோஸ்வுட்டுக்கும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதில் கட்டுப்பாடு வந்தது. 2019 நவம்பர் முதல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம்ம மலையில் நிற்கிற ஈட்டி மரம் அந்த விலக்கில் வரும். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை. அறுபதுகளின் முதல் பாதி ஃபெண்டர்களின் விரல்பலகையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும், அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பழைய அமெரிக்கனை விடு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளச்சலில் உன் வீடு கடல் பக்கம் என்று எழுதியிருந்தாய். உப்புக்காற்றில், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜின் சின்னத் திருகாணிகள்தான் முதலில் துருப்பிடித்து இறுகும். கிளம்புமுன் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டு மாட்டு. வாசித்து முடித்ததும் கம்பியையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடை, கேஸில் சிலிக்கா பொட்டலம் போடு, ஜன்னலோரச் சுவரில் மாட்டாதே. லாக்கர் பூச்சு உள்ள பாஸ் என்றால் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தாதே. ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும்.

கடைக்குப் போய்ப் பிடித்த பாஸ் இருந்தால் அதன் சீட்டையும், தலைப்பக்கத்திலிருந்து நெக் நெடுக்காகத் தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்து அனுப்பு. படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுத்தால் சில கடைகளில் சில நாள் எடுத்தும் வைப்பார்கள்.