விக் கார்டில் பால், முட்டை வாங்கினால் கிரீன் கார்டு போய்விடுமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்-4. 2023இல் அவருக்கு லே-ஆஃப் ஆனபோது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. மருத்துவமனை சோஷியல் வொர்க்கர் சொல்லி, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அரசு உணவு உதவி தரும் விக் திட்டத்தில் சேர்ந்தேன். மாதாமாதம் அந்தக் கார்டில் பால், முட்டை, சீரியல் வாங்கினேன். வேலை போன எச்-1பிக்காரருக்குத் தரும் அறுபது நாள் அவகாசம் முடிவதற்குள் கணவருக்குக் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. மகள் பிறந்ததும் அவளுக்கு மட்டும் ஃபேமிலிகேர் இன்சூரன்ஸ் எடுத்தோம், ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போடத் தேதி வந்திருக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கட்டி 'கிளியரன்ஸ் லெட்டர்' வாங்காவிட்டால் கிரீன் கார்டு கிடைக்காது, 1,200 டாலர் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் எங்களுக்கு வரிக் கணக்கு போடுபவர். கூடவே இருக்கும் மாமியாருக்கு, கொழுந்தனார் மூலம் வந்த கிரீன் கார்டு இருக்கிறது. அவருக்கு அரசிடமிருந்து மாதப் பணமும் வாங்கித் தருகிறேன் என்கிறார் அதே வரிக்காரர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 1,200 டாலர். கொடுக்காதீர்கள். 'கிளியரன்ஸ் லெட்டர்' என்று ஒரு காகிதம் குடிவரவுத் துறையில் கிடையாது. எந்தப் படிவத்தோடும் அதை இணைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. முறைப்படி தகுதி இருந்து வாங்கிய விக் உதவியைத் திருப்பிக் கட்டும் வழக்கமும் இல்லை. இல்லாத கடனுக்கு ரசீது வாங்கித் தருகிறேன் என்கிறார் அந்த மனிதர்.

உங்கள் பயத்துக்குப் பெயர் 'பப்ளிக் சார்ஜ்'. இவர் நாளைக்கு அரசாங்கத்தின் தலையில் விழுந்துவிடுவாரா என்று அதிகாரி பார்ப்பது. 1882 முதலே அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி எண்ணுவது இரண்டைத்தான்: பிழைப்புக்கென்று அரசு கையில் தரும் ரொக்க உதவி, அரசு செலவில் நர்சிங் ஹோம் போன்ற இடத்தில் நீண்டகாலம் தங்குவது. விக் இதில் வராது. ஃபேமிலிகேர் என்பது நியூஜெர்சியில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் குழந்தைகளுக்கான சிப் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்த பெயர், அதுவும் வராது. தவிர, அது உங்கள் மகளுடையது. அவள் இங்கே பிறந்த குடிமகள், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவளே இல்லை. அவள் வாங்கியதை உங்கள் கணக்கில் எழுத மாட்டார்கள்.

'அது பழைய கதை, இப்போது சட்டம் மாறிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வரும். மாறிக்கொண்டேதான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். 2020 பிப்ரவரியில் கடுமையான ஒரு விதி வந்தது. ஐ-944 என்று தனிப் படிவம் போட்டு கிரெடிட் ஸ்கோர் வரைக்கும் கேட்டார்கள். 2021 மார்ச்சில் அது போனது. 2022இல் இன்னொன்று. அதையும் எடுத்துவிட்டு அதிகாரியின் கையில் அதிகம் விட்டுவிடலாம் என்று 2025 நவம்பரில் ஒரு முன்மொழிவு. பத்து வருடத்துக்கு மேல் வரிசையில் நின்றவர்கள், வாசலுக்கு வந்ததும் எந்த விதி என்று விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2020இன் அந்தக் கடுமையான விதியில்கூட விக்கைச் சேர்க்கவில்லை, குழந்தைகளின் மெடிகெய்டையும் சேர்க்கவில்லை. மனு போடும் வாரத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று கணவரின் கம்பெனி வக்கீலிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வயது, உடல்நலம், படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கணவரின் இப்போதைய சம்பளச் சீட்டு உங்களுக்காகப் பேசும்.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயம். உண்மையில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். அந்த உதவிகளுக்கு விண்ணப்பத்தை நிரப்பியது யார்?

ஃபேமிலிகேர் விண்ணப்பத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி இருக்கும். 'அமெரிக்கக் குடிமகனா?' என்று ஒரு கட்டம். மகளுக்கு 'ஆம்' சரி. அவசரத்தில் நிரப்பிக் கொடுப்பவர் அதே வேகத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 'ஆம்' போட்டுவிடுவார். நீங்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பீர்கள். குடிமகன் என்று பொய் சொல்லி அரசு உதவி கேட்டது என்று அது பதிவானால், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அதற்கு மன்னிப்பு கேட்கக்கூட வழியில்லை. பால், முட்டைக்காக யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. இந்த ஒரு டிக்கால் மூச்சு நின்றுபோன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பொறி, வரிக் கணக்கு. வருமானம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவியைப் பிரிந்து வாழ்வதாகக் காட்டி 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' (தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்) என்று தாக்கல் செய்வதை ஒரு கலையாகவே செய்கிறார்கள் சிலர். ரீஃபண்ட் வரும்போது இனிக்கும். அப்புறம் ஐ-485இல் கணவரைச் சார்ந்து மனைவியும் விண்ணப்பிக்கிறார். இந்தத் தாளில் சேர்ந்து வாழ்கிறீர்கள், அந்தத் தாளில் பிரிந்துவிட்டீர்கள். அதிகாரி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். உதவி வாங்கியதல்ல, வாங்குவதற்காகச் சொன்ன பொய்தான் அங்கே கேள்வியாகும். இதற்கெல்லாம் யோசனை சொன்னவர் அந்த அறைக்கு வர மாட்டார். பலர் ரிட்டர்னில் தங்கள் கையெழுத்தைக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். 2023, 2024 ரிட்டர்னை எடுத்து உங்கள் ஃபைலிங் ஸ்டேட்டஸ் என்னவென்று இன்றைக்கே பாருங்கள்.

மாமியார் விஷயம் வேறு. அவருக்கு வாங்கித் தருகிறேன் என்பது, வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் ஊனமுற்றோருக்கும் அரசு தரும் எஸ்எஸ்ஐ ஆக இருக்கும். அது ரொக்க உதவி, எண்ணப்படும் வகை. 1996 நலத்திட்டச் சட்டத்துக்குப் பின் வந்த கிரீன் கார்டுக்காரருக்கு அது கிடைக்க பொதுவாக 40 காலாண்டு வேலைக் கணக்கு வேண்டும், அதாவது பத்து வருட உழைப்பு. இங்கே வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அது எங்கிருந்து வரும்? கிடைக்காத ஒன்றுக்கு விண்ணப்பம் போட என்ன பொய் எழுதப்போகிறார் என்று கேளுங்கள். அம்மாவைத் தாங்குவேன் என்று உறுதி தரும் ஐ-864 படிவத்தில் கொழுந்தனார் கையெழுத்துப் போட்டிருப்பார். அம்மா அப்படி ஏதாவது உதவி வாங்கினால், கொடுத்த அரசு அலுவலகம் அந்தப் பணத்தைக் கொழுந்தனாரிடமே கேட்கலாம்.

கிரீன் கார்டு கைக்கு வந்தவருக்கு பப்ளிக் சார்ஜ் கேள்வி முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சரி. கார்டைப் புதுப்பிக்கும்போது கேட்பதில்லை, சிட்டிசன்ஷிப்புக்கும் கேட்பதில்லை. முக்கியமாக ஓர் இடத்தில் அது திரும்பி வரும், நம் வீட்டுப் பெரியவர்கள் மாட்டுவதும் அங்கேதான். தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால், அவரைப் புதிதாக நுழைய வருபவராக நடத்தலாம். நவம்பரில் குளிருக்குப் பயந்து திருச்சிக்குப் போகிறார்கள். பொங்கல், ஒரு கல்யாணம், கண் ஆபரேஷன், சித்திரைத் திருவிழா என்று ஜூன் ஆகிவிடுகிறது. மாதக் கணக்கு போடாதீர்கள், நாள் கணக்கு போடுங்கள். நவம்பர் 10 கிளம்பினால் மே 9இல் 180 நாள் ஆகிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே டிக்கெட் போடுங்கள். ரொக்க உதவி ஏதாவது வாங்கியிருப்பவர் என்றால் இன்னும் கவனம். விமான நிலையத்தில் ஐ-407 என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடக் கூடாது என்று மாமியாருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். அது கிரீன் கார்டைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் தாள். போடாவிட்டால் நீதிபதி முன்னால் பேச அவருக்கு உரிமை உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கவுன்டி அலுவலகத்துக்குப் போய் உங்கள் ஃபேமிலிகேர் விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். இழுத்தடிப்பார்கள், எழுத்தில் கேளுங்கள். வந்ததும் அந்தக் குடியுரிமைக் கட்டத்தை முதலில் பாருங்கள். உங்கள் பெயருக்கோ கணவர் பெயருக்கோ நேராக 'ஆம்' என்று இருந்தால் ஐ-485ஐ நிறுத்தி வைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள குடிவரவு வக்கீல் ஒருவரைப் பாருங்கள். வரிக்காரரை அல்ல.