தம்பி, அந்த வயரை நேரே கட்டாதேயும்

தம்பி, புதுக்குடியிருப்பிலிருந்து ஜேர்மனிக்கு வந்து மூன்று மாதம், நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறோம், பழைய சாமான் சந்தையில் பத்து யூரோவுக்கு வாங்கிய கோப்பி மெசினின் தட்டு சூடு பிடிக்கவில்லை, கூட இருக்கிற அண்ணன் ஒருவர் "உள்ளே ஒரு வயரை நேரே கட்டினால் சரி" என்கிறார், கட்டலாமா, புதிது வாங்கலாமா என்று எழுதியிருந்தீர். மலிவான போன் கார்ட் எது, எந்த நகரத்தில் வேலை கூட என்றும் கேட்டிருந்தீர். அதற்கு நூறு பேர் நூறு பதில் சொல்வார்கள். டொச் பாஷையைப் படியும், மற்றது பிறகு வரும். நான் மெசினுக்கு வருகிறேன். கட்டாதேயும். தயவுசெய்து கட்டாதேயும்.

நான் 1998 மாசியில் வந்தவள். மல்லாவியிலிருந்து வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியா தாண்டி, கொழும்பு லொட்ஜில் எட்டு மாதம் கிடந்து, டோர்ட்முண்டில் வந்து இறங்கினேன். கூரைக்குக் கீழே சரிவான ஒரு வீடு. இவர் உணவகத்துக் குசினியில் வேலை, நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வருவார். வெளியே பனி, கதைக்க ஆள் இல்லை, பாஷை இல்லை. எட்டு வருடமாகக் கரண்டே இல்லாத இடத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்த எனக்கு அந்த வீட்டில் பிடித்த ஒரே பொருள் கோப்பி மெசின். அது கொறகொறவென்று சத்தம் போடும்போது வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். கண்ணாடிக் கேத்திலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு யன்னலோரம் நிற்பேன்.

ஒரு நாள் காலை சுவிட்ச் லைட் எரிகிறது, ஆனால் தண்ணீரும் கொதிக்கவில்லை, தட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி. கீழ் வீட்டில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். "நாங்கள் சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள், இதென்ன பெரிய வேலை" என்று கவிழ்த்துப் போட்டுக் கழற்றி, உள்ளே இருந்த சின்னத் துண்டு ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். ஒன்பது நாள் வேலை செய்தது. பத்தாம் நாள் நிலக்கீழ் அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போய் வந்து பார்த்தால் வீடு முழுக்கப் புகை, மெசினின் அடி உருகி மேசைப் பலகையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. வீட்டுக்காரர் முற்பணத்தில் 400 மார்க் கழித்தார். அது அப்போது எங்களுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு.

அவர் வெட்டி எறிந்ததுதான் வெப்ப பியூஸ். அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. சாதாரண மெசினில் தண்ணீருக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று சூடேற்றும் எலிமென்ட் இரண்டு கிடையாது (விலை கூடிய சிலவற்றில் உண்டு). தட்டுக்கு அடியில் லாடம் மாதிரி வளைந்த ஒரே ஒரு எலிமென்ட், அதோடு ஒட்டியபடி ஓர் அலுமினியக் குழாய். தண்ணீர் அந்தக் குழாய்க்குள் வந்து கொதித்து, குமிழிகள் அதை மேலே தள்ளிக் கோப்பித் தூளில் ஊற்றும். தண்ணீர் முடிந்தபிறகு அதே எலிமென்ட் தட்டை மட்டும் சுடவைக்கும். சூடு கூடினால் தேர்மோஸ்டாட் அணைக்கும், குறைந்தால் போடும். தேர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் விட்டால் கடைசிக் காவல் அந்த பியூஸ்தான். ஒரு முறை எரிந்தால் திரும்ப வராது. ஆகவே பியூஸ் எரிந்திருந்தால் வேறு ஏதோ பிழை அதை எரித்திருக்கிறது. நேரே கட்டினால் அந்தப் பிழை அப்படியே இருக்கும், காவல் மட்டும் போய்விடும்.

அனேகமாக அந்தப் பிழை சுண்ணாம்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிய கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சாமான். குழாய்க்குள் அது படிந்தால் தண்ணீருக்குச் சூடு சரியாகப் போகாது, எலிமென்ட் மிதமிஞ்சிச் சுடும், தேர்மோஸ்டாட் ஓயாமல் அணைந்து எரிந்து அதன் முனைகள் கருகும், பிறகு ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, தட்டில் சிந்துகிற கோப்பி. துடைக்காமல் விட்டால் பூச்சைத் தின்று, துருப்பிடித்து, ஓரத்தால் உள்ளே இறங்கி வயர் முனைகளையும் அரிக்கும். எங்கள் ஆட்கள் மெசினின் வெளிப்பக்கத்தைப் பளிச்சென்று துடைத்து, மேலே ஒரு சேலைத் துண்டும் போர்த்து வைப்பார்கள். தட்டைத் தொடமாட்டார்கள், உள்ளே சுண்ணாம்பு எடுக்கமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு மெசின் வாங்கிவிட்டு "இங்கத்தைச் சாமான் எல்லாம் குப்பை" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சித்திரிக் அமிலத் தூள், தேசிக்காயில் இருக்கிற அதே புளிப்புத்தான், கடையில் சில்லறைக் காசுக்கு இருக்கிறது. பாதியை ஓடவிட்டு, நிற்பாட்டி அரை மணித்தியாலம் வைத்து, மிச்சத்தை ஓடவிட்டு, பிறகு இரண்டு தரம் வெறும் தண்ணீர். மாதம் ஒரு தரம் போதும்.

சரி, உம்முடைய மெசின் பழுதா என்று முதலில் பாரும். கோப்பி வடியும்போது தட்டு சுட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குள் குளிர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் அது பழுதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2015 தொடக்கம் விற்பனைக்கு வருகிற வீட்டு மெசின்கள் கோப்பி வடிந்து முடிந்தபின், கண்ணாடிக் கேத்தில் என்றால் 40 நிமிடத்திலும், பிளாஸ்க் மாதிரிச் சூட்டைப் பிடித்து வைக்கும் கேத்தில் என்றால் 5 நிமிடத்திலும் தானாக அணைய வேண்டும். கரண்டை மிச்சப்படுத்த வந்த சட்டம். இது தெரியாமல் நல்ல மெசினைத் தூக்கி எறிந்த இரண்டு வீடு எனக்குத் தெரியும். கோப்பி வடிகிறது, தட்டு மட்டும் இளஞ்சூடு என்றால் தட்டுக்கும் எலிமென்டுக்கும் இடையில் ஒட்டு விட்டிருக்கும், அல்லது கருகல் தடிப்பாகப் படிந்திருக்கும். தண்ணீரும் கொதிக்கவில்லை, தட்டும் சுடவில்லை என்றால்தான் பியூஸ் அல்லது எலிமென்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு மீற்றர் வைத்துப் பார்க்கலாம், ஆயிரம் வாற்று மெசின் என்றால் எலிமென்ட் 53 ஓம் அளவில் காட்டும். பியூஸ் புதிது போட்டால் ஈயம் வைத்து ஒட்டக்கூடாது, அந்தச் சூட்டிலேயே அது எரிந்துவிடும், நசுக்கித்தான் பொருத்த வேண்டும். கை வராவிட்டால், பழுதான சாமானைத் தொண்டர்கள் கூட இருந்து திருத்தித் தருகிற ரிப்பேர் கஃபேக்குக் கொண்டுபோம். 2009இல் அம்ஸ்டர்டாமில் தொடங்கியது, இப்போது ஜேர்மனியில் அனேகமான நகரங்களில் உண்டு. காசு கேட்கமாட்டார்கள், விரும்பினால் உண்டியலில் போடலாம். நான் ஏழு வருடமாக ஒரு மேசையில் இருக்கிறேன். சேலை கட்டிக்கொண்டு ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்து டொச் மனுஷிகளுக்கு மெசின் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அவர்கள் என் பெயரைச் சொல்லித்தான் வரிசையில் நிற்பார்கள்.

டைனமோ சுத்திய கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, வன்னியில் ஒன்றுமில்லாமல் எல்லாம் செய்தோம், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆனால் அங்கே துண்டு கிடைக்காததால் கட்டினோம். இங்கே அந்தத் துண்டு இரண்டு யூரோ.

இன்னொன்று கேளும். தட்டு ஏன் நாள் முழுக்கச் சூடாக இருக்க வேண்டும்? விடிய ஒரு கேத்தில் போட்டு, வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் அதையே பின்னேரம் வரைக்கும் ஊற்றுகிற வீடுகள் இருக்கின்றன. கனடாவிலிருக்கிற தங்கை வீட்டிலும் அதே கதைதான். அரை மணித்தியாலம் தாண்டினால் கோப்பியில் இருக்கிற அமிலங்கள் சூட்டில் உடைந்து கசப்பும் புளிப்புமாகிவிடும், சீனி அள்ளிப் போட்டாலும் போகாது. வடிந்தவுடன் சுடுதண்ணிப் பிளாஸ்கில் ஊற்றி, தட்டை அணைத்துவிடும். ஊரிலிருந்து மல்லி போட்டு இடித்த தூள் வந்தால் கடதாசி வடியில் போடாதேயும், மா மாதிரி அடைத்துக்கொண்டு பொங்கித் தட்டில்தான் ஊற்றும். அதைக் குவளையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி அடைய விடுகிறதுதான் முறை.

அம்மா கோப்பிக் கொட்டையோடு மல்லியும் கொஞ்சம் வேர்க்கொம்பும் வறுத்து உரலில் இடிப்பார். தடை இறுக இறுக மல்லி கூடிக் கொட்டை குறைந்தது, கடைசியில் மல்லித் தண்ணீர்தான், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். ஆனால் ஒருநாளும் அடுப்பிலேயே வைத்துக் கொதித்துக்கொண்டு கிடக்க விட்டதில்லை. கொதித்தவுடன் இறக்கிச் சிவப்புப் பூப் போட்ட பிளாஸ்கில் ஊற்றிவிடுவார். 2008இல் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோதும் அதைத் தூக்கிக்கொண்டு போனவர். தர்மபுரம் தாண்டி விசுவமடுவில் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து உள்கண்ணாடி நொறுங்கியது. பிறகும் வெளிக் கூட்டை எறியாமல், அதற்குள் சீனி போட்டு வைத்திருந்தார் என்று தங்கை சொன்னாள்.

மெசினின் அடியில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படமெடுத்து அனுப்பும், எத்தனை வாற்று என்று பார்த்து எலிமென்ட் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் அந்த அண்ணனிடம் திருகாணிச் சாவியைக் கொடுக்காதேயும்.